கண் திறக்காத படம்

"சிரிக்கணுமாக்கா?" என்று கேட்டாள் ஆரோக்கியமேரி.

எங்கள் ஸ்டுடியோவின் சுழல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பக்கமும் குடை விளக்கு. அண்ணன் கேமராவுக்குப் பின்னால் குனிந்து நின்றார். நான் சீப்பும் கையுமாக அவள் எதிரில் நின்றேன். எடுக்கப் போவது கண்ணை மட்டும்தான், தலை கலைந்திருந்தால் என்ன என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் எனக்கு உறைத்தது. சீப்பைக் கீழே வைத்துவிட்டேன்.

"சிரிக்க வேணாம். சிரிப்பு வந்தா எப்படிப் பாப்பியோ, அப்படிப் பாரு. போதும்" என்றேன்.

சொன்ன வாயை அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கடல் அவளுடைய ஒரே பெண்ணைக் கொண்டுபோய் எட்டு ஒன்பது மாதம் ஆகியிருக்கும். அவளிடம் போய் சிரிப்பு வந்த மாதிரி பார் என்கிறேன்.

அவள் மறுக்கவில்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டு, கன்னத்தைக் கொஞ்சம் ஏற்றி, சிரிக்கப் பார்த்தாள். உப்பளத்தில் வெயிலுக்குச் சுருக்கிச் சுருக்கிப் பழகிய கண். அதை முடிந்த மட்டும் அகலத் திறந்தாள். அண்ணன் கேமராவிலிருந்து முகத்தை எடுக்கவேயில்லை. அவர் படமெடுக்க எடுத்துக்கொண்ட நேரம் வழக்கத்தைவிட அதிகம்.

இந்தத் தொடரில் இதுவரை எங்கள் மரக்காணம் ஸ்டுடியோவின் கூத்துகளையே எழுதி வந்திருக்கிறேன். கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை மாறிப்போனது, விளக்கு வெடித்து எம்.எல்.ஏ. வேட்பாளர் ஸ்டூலோடு விழுந்தது எல்லாம். படித்துவிட்டுச் சிரித்ததாகப் பலர் சொன்னீர்கள். சந்தோஷம். இந்த வாரம் சிரிக்க ஒன்றும் இல்லை. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அடுத்தவர் கண்

அந்தக் கண் எதற்கு என்று சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் உயிரோடு இருக்கும்போது தன்னந்தனியாகப் போய்ப் படம் எடுத்துக்கொள்கிற ஆட்கள் குறைவு. உயிர் போன பிறகுதான் ஸ்டுடியோ ஞாபகம் வரும். சைக்கிளில் ஆள் வருவான். அண்ணன் கேமராவைத் தூக்கிக்கொண்டு போவார். நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து, தாடையைத் துணியால் கட்டியிருப்பார்கள். அப்படியே ஒரு படம். பிறகு அது என் மேஜைக்கு வரும்.

படத்தில் தாடைத் துணியை எடுப்பேன், வாயை மூடுவேன், சட்டை மாட்டிவிடுவேன். கடைசி வேலை, கண் திறப்பது. டச்சிங், அதாவது படத்தைத் திருத்துகிற வேலையில் அதுதான் கஷ்டம். சும்மா இரண்டு கண்ணை வரைந்துவிட்டால் பொம்மை மாதிரி இருக்கும். அதனால் ரத்த உறவில் யாரையாவது உட்காரவைத்துக் கண்ணை மட்டும் படமெடுத்து, அதைச் செத்தவர் முகத்தில் பொருத்துவோம். அப்பாவுக்கு மகன் கண். மாமியாருக்கு அவர் தங்கச்சி கண்.

ஒரு பெரியவருக்கு இருந்த ஒரே சொந்தம் அவருடைய தம்பி. இரண்டு பேருக்கும் வரப்புத் தகராறு. "அவன் கண்ணு எங்க வீட்டு செவுத்துல இருக்கக் கூடாது" என்று வீட்டார் ஒரே பிடியாக நின்றார்கள். வேறு வழியில்லாமல் என் அண்ணனையே ஸ்டூலில் உட்காரவைத்தேன். இன்றைக்கும் கிளியனூர்ப் பக்கம் ஒரு வீட்டில் சந்தன மாலைக்கு நடுவிலிருந்து என் அண்ணன் முறைத்துக்கொண்டிருக்கிறார்.

இந்த வேலையில் எங்கள் கடைக்கு ஒரு சட்டம் உண்டு. அப்பா காலத்திலிருந்து வருவது. கண் திறக்காத படத்தை வீட்டாருக்குக் காட்டக் கூடாது.

யாரோ ஒரு அம்மாள் அவசரப்பட்டு வந்து, பாதி வேலையில் இருந்த மகன் படத்தைப் பார்த்துவிட்டாளாம். பிறகு எவ்வளவு நன்றாகச் செய்து கொடுத்தும் அவளுக்கு அந்த மூடிய கண்தான் தெரிந்ததாம். அன்றிலிருந்து சட்டம். நானும் எதிர்க்கேள்வி கேட்டதில்லை. பெற்றவளுக்கு எதற்கு அந்த வேதனை, நல்லபடியாக முடித்துக் கொடுத்தால் போதாதா என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரே பக்கம் போகிற மீன்கள்

சுனாமி அலை வருவதற்கு முந்தைய மழைக்காலத்தில் எனக்கு ஒரு புது வேலை கிடைத்தது.

கீழ்புத்துப்பட்டு தாண்டிக் கடலோரமாக ஒருவர் விருந்தினர் விடுதி கட்டிக்கொண்டிருந்தார். செல்வநாதன் என்று பெயர். வெள்ளை வேட்டி, விலையுயர்ந்த செருப்பு, எதைப் பார்த்தாலும் "பிரமாதம்" என்பார். அவர் எங்கோ பழைய சாமான் கடையில் ஒரு கட்டுப் படத் தாள்களைப் பிடித்திருந்தார். வெள்ளைக்காரர் காலத்தில் அச்சடித்து, மேலே கையால் வண்ணம் பூசிய மீன் படங்கள். நண்டு, சங்கு, கடல்பாம்பு எல்லாம் இருந்தன. விஞ்ஞானப் புத்தகத்திலிருந்து பிரிந்து வந்தவை.

"இதைச் சுத்தம் பண்ணி, பெருசாக்கி, ஒவ்வொரு ரூமுக்கும் ஒண்ணா மாட்டணும். பாடப் புத்தகம் மாதிரி இருக்கக் கூடாது. ஆர்ட்டா இருக்கணும்" என்றார்.

தாள்கள் இருந்த நிலையைச் சொல்லி மாளாது. ஓரமெல்லாம் பூச்சி தின்றிருந்தது. நடுவில் காபி சிந்தின மாதிரி பூஞ்சைப் புள்ளிகள். உப்புக்காற்றில் தாள் நமுத்து, விரலை வைத்தால் வண்ணம் கூடவே வந்தது. ஒவ்வொன்றாக ஸ்கேனரில் வைத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். திரையில் பக்கத்தில் இருக்கிற நல்ல தாளைக் கொஞ்சம் எடுத்துப் பூஞ்சையின் மேல் ஒட்ட வேண்டும். ஒரு மீனுக்கு ஒரு வாரம்கூட ஆகும்.

அப்படிக் கிட்டத்தில் பார்த்துக்கொண்டே இருந்ததில் ஒன்று தெரிந்தது. அத்தனை மீனுக்கும் கண் பளிச்சென்று இருந்தது. மீன் செத்தால் முதலில் மங்குவது கண்தான். சந்தையில் செவுளைத் தூக்கிப் பார்ப்பதற்கு முன்னால் நாம் கண்ணைத்தானே பார்க்கிறோம். அந்த ஓவியருக்குச் செத்த மீன்தான் கிடைத்திருக்கும். கண்ணை மட்டும் உயிரோடு வரைந்திருக்கிறார். அவரும் நம்ம ஜாதிதான் என்று அண்ணனிடம் சொன்னேன். அண்ணன் சிரித்தார்.

நண்டு மட்டும் செத்த நிறத்திலேயே வரையப்பட்டிருந்தது, செங்கல் தூள் மாதிரி. உயிருள்ள நண்டின் நிறம் வேண்டும் என்று சந்தையிலிருந்து ஒன்றை வாங்கி, காலைக் கட்டி ஸ்கேனரில் வைத்தேன். மூடி சரியாக மூடவில்லை, திறந்தபடியே விட்டேன். நண்டைச் சுற்றி ஒரே கறுப்பு. ஆழத்திலிருந்து மேலே வருகிற மாதிரி இருந்தது.

அங்கேதான் எனக்கு வழி பிறந்தது. எல்லா மீனையும் பழுத்த தாளிலிருந்து பிரித்தெடுத்துக் கறுப்பில் மிதக்கவிட்டேன். செல்வநாதன் பார்த்துவிட்டு நான்கு தடவை "பிரமாதம்" என்றார்.

கண்ணாடியில் ஒரு கன்னம்

ஆரோக்கியமேரி உப்பளத்துக் கூலி. கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவில் இருந்த குப்பத்தில் வீடு. புருஷன் சாராயத்தில் போய்ச் சேர்ந்துவிட்டான். மழைக்காலத்தில் பாத்தியெல்லாம் தண்ணீர் நின்று உப்பு வேலை இருக்காது. குவித்த உப்பின் மேல் ஓலையைப் போர்த்திவிட்டு எல்லாரும் வேறு வேலை தேடுவார்கள். இவள் எங்கள் ஸ்டுடியோவையும் பக்கத்து இரண்டு கடைகளையும் பெருக்கித் துடைக்க வருவாள்.

பெண் ஜெனி. பள்ளிக்கூடம் விட்டதும் நேராக இங்கே வந்துவிடுவாள். ஓரிடத்தில் நிற்க மாட்டாள், வாய் ஓயாது. நான் ஒரு மீனை ராப்பகலாகத் தேய்த்துக்கொண்டிருப்பேன். இவள் என் தோள்மேல் தாடையை வைத்துக்கொண்டு திரையைப் பார்ப்பாள்.

"ஏன்க்கா எல்லா மீனும் ஒரே பக்கமா போவுது?"

உண்மைதான். எல்லா மீனுக்கும் தலை இடது பக்கம். விஞ்ஞானப் படத்தில் அப்படித்தான் போடுவார்கள்.

"அது அந்தக் கால வழக்கம்டி. தோளை விடு, வலிக்குது."

"பூசைக்குப் போவுதுங்க போல. மணி அடிச்சிட்டாங்களா?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு விரட்டினேன். போகவில்லை.

நண்டை ஸ்கேனரில் வைத்ததை அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மறுநாள் நான் வாசலில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தபோது உள்ளே ஸ்கேனர் ஓடுகிற சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், கண்ணை இறுக மூடிக்கொண்டு கன்னத்தைக் கண்ணாடியில் அழுத்தி வைத்திருக்கிறாள். அடியில் விளக்கு மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கிறது.

"எழுந்திரிடி! கண்ணு கெட்டுப் போயிடும்!"

"இரு அக்கா, இரு அக்கா. நண்டு மாதிரி வருவேன்."

வந்தது. திரையில் அவள் முகம் கறுப்பிலிருந்து எழுந்து நின்றது. கண்ணாடியில் பட்ட கன்னம் தட்டையாக, மூக்கு ஒரு பக்கம் நசுங்கி, இமை முடிகள் ஒவ்வொன்றும் தெரிய. காதுக்கு அந்தப் பக்கம் எல்லாம் இருட்டு. நான் கத்தியதும் அசைந்திருக்கிறாள். தாடைக்குக் கீழே படம் நெளிந்திருந்தது. மூக்கு நுனிக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு மங்கல். கண்ணாடியில் படிந்த அவள் மூச்சு.

ஜெனி பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "அய்ய, பேய் மாதிரி இருக்குது. அம்மாகிட்டக் காட்டாதக்கா, அடிக்கும்."

காட்டவில்லை. மீன் படங்களோடு அதுவும் கம்ப்யூட்டரில் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை. உங்களுக்கெல்லாம் தெரியும். நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

முந்தின இரண்டு நாளும் பூசை, புது கவுன், பலகாரம் என்று ஆடிவிட்டு ஜெனி அசந்து தூங்கியிருக்கிறாள். ஞாயிறு பூசைக்கு எழுப்பியும் எழுந்திருக்கவில்லை. குழந்தை தூங்கட்டும் என்று போர்த்திவிட்டு ஆரோக்கியமேரி மட்டும் மாதா கோயிலுக்குப் போனாள். கோயில் மேட்டில் இருந்தது.

திரும்பி வந்தபோது குப்பம் இருந்த இடத்தில் சேறுதான் இருந்தது. வீடு, பெட்டி, புருஷனோடு எடுத்துக்கொண்ட கல்யாணப் படம், புது கவுன், எதுவும் இல்லை. உப்புப் பாத்திகளில் பாத்திரமும் வலையும் மிதந்தன. கடைத்தெரு வரை தண்ணீர் வரவில்லை. எங்கள் ஸ்டுடியோவில் ஒரு நாற்காலிகூட நகரவில்லை. அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் படமெடுக்க ஆள் வேண்டும் என்று அண்ணனைக் கூப்பிட்டுப் போனார்கள். அடையாளம் தெரியாதவர்களைப் புதைப்பதற்கு முன்னால் ஒரு படம். வீட்டார் பிறகு வந்து பார்க்கலாம் அல்லவா. போய்விட்டு வந்தவர் கேமராவை மேஜையில் வைத்துவிட்டு, கிணற்றடியில் குளித்தார், குளித்தார், குளித்துக்கொண்டே இருந்தார்.

அந்தப் படங்களை எங்கள் கடையிலும் ஒரு பிரதி வைத்திருந்தோம். ஆரோக்கியமேரி வந்து எல்லாவற்றையும் பார்த்தாள். என்னால் அவள் பக்கத்தில் உட்கார மட்டும்தான் முடிந்தது. ஒவ்வொன்றையும் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, "இல்ல" என்று வைத்தாள். மறுநாளும் வந்தாள். பார்த்ததையே மறுபடி பார்த்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள்.

ஜெனி அதில் இல்லை. எதிலும் இல்லை.

ஊரில் பல மாதம் யாரும் மீன் வாங்கவில்லை. ஏன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. செல்வநாதன் ஆள் அனுப்பினார். "மீன் படம் இப்ப வேணாமாம். பூ படம் ஏதாவது கிடைக்குதா பாக்கச் சொன்னாரு." நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

நழுவுகிற முகம்

உப்பு வேலை முழு வீச்சில் நடக்கிற கோடையில் ஒரு மத்தியானம் ஆரோக்கியமேரி வந்தாள். பாத்தியிலிருந்து நேராக வந்திருந்தாள். முழங்கால்வரை உப்பு வெளுத்திருந்தது. அப்போது அவள் தொண்டு நிறுவனம் போட்டுக் கொடுத்த தகரக் கொட்டகையில் இருந்தாள்.

"அக்கா, எனக்கு எம்பொண்ணு மூஞ்சி மறந்துட்டுது" என்றாள்.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"கண்ணை மூடினா அந்த ஆஸ்பத்திரி மூஞ்சிங்கதான் வருது. எல்லாம் கலந்துபோச்சி. ஜெனின்னு நெனச்சா வேற ஏதோ புள்ள வருது. உப்பு வாரிக்கினே நெனச்சிப் பாக்குறேன். வர மாட்டேங்குது. பெத்தவளுக்கு மறக்குமாக்கா? நான் மனுஷியா?"

வருஷப் பூசைக்கு ஒரு படம் வேண்டும் என்றாள். புதைத்த இடம் இல்லை, சிலுவை நட இடம் இல்லை. படமாவது இருந்தால் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன், முகம் நிற்கும் என்றாள். பள்ளிக்கூடத்தில் கேட்டுப் பார்த்தாளாம். கோயிலில் கேட்டாளாம். பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற முதல் நன்மை அன்று எல்லாரையும் சேர்த்து எடுத்த படத்தில் ஜெனி முன்னால் நின்ற பையன் தலைக்குப் பின்னால் மறைந்திருக்கிறாள். நெற்றியும் ரிப்பனும்தான் தெரிகிறது.

எனக்கு அந்த மீன்களுக்கு நடுவில் கிடந்த முகம் ஞாபகம் வந்தது.

"எங்கிட்ட ஒண்ணு இருக்குது. சரியா இல்ல. சரி பண்ணித் தர்றேன்" என்றேன்.

அவள் சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். உப்பு அறுத்த கை, சொரசொரவென்று இருந்தது. "இப்பவே காட்டுக்கா."

நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. அவள் போன பிறகு திரையில் படத்தைத் திறந்து காட்டினேன். நசுங்கிய மூக்கு, மூடிய கண், சுற்றிலும் கறுப்பு, தாடைக்குக் கீழே தண்ணீரில் தெரிவதுபோல நெளிவு. அண்ணன் ஒரு எட்டு பின்னால் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்தவர்.

"வசந்தி, இதைப் பெத்தவகிட்டக் காட்டினா செத்துடுவா. கண்ணைத் தொறந்துட்டுக் குடு" என்றார்.

எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது.

வேலையை ஆரம்பித்தேன். அழுந்திய கன்னத்தை உருட்டினேன். மூக்கை நேராக்கினேன். இருட்டில் இருந்த பாதி முகத்துக்குத் தெரிந்த பாதியைத் திருப்பி ஒட்டினேன். நெளிந்த தாடையை இழுத்துச் சரிசெய்தேன். நெற்றிக்கு முதல் நன்மைப் படம் கைகொடுத்தது. அப்புறம் மூக்கருகே இருந்த அந்த மங்கல். பூஞ்சையை எடுப்பதுபோலவே, பக்கத்துத் தோலை எடுத்து அதன் மேல் ஒட்டினேன். இரண்டு மூன்று தட்டு. போய்விட்டது. அது அவள் மூச்சு என்பது கையை எடுத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். அசல் பத்திரமாகத் தனியே இருந்தது. ஆனாலும் அன்றைக்கு அதற்கு மேல் வேலை ஓடவில்லை.

கண் இல்லாமல் நின்றது படம்.

"அவளுக்கு அவ அப்பன் கண்ணு" என்றாள் ஆரோக்கியமேரி. "வெளுப்பா, பூனைக் கண்ணு மாதிரி. எங்கிட்டேர்ந்து ஒண்ணும் எடுத்துக்கல அவ."

அப்பன் படமும் கடலோடு போயிருந்தது. அவன் பக்கத்துச் சொந்தம் யாரென்றே இவளுக்குத் தெரியாது. நான் ஜெனியின் கண்ணை நினைத்து நினைத்துப் பார்த்தேன். தோளில் அழுந்திய தாடை ஞாபகம் இருந்தது, குரல் இருந்தது. கண் வரவில்லை. தினமும் என் பின்னால்தானே நின்றாள்.

"அவ கண்ணுக்கு எங்கக்கா போவ? என் கண்ணை எடு" என்றாள்.

அப்படித்தான் அவள் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். சிரிக்கணுமா என்று கேட்டாள்.

சிவப்பு நரம்புகளை எடுத்தேன். இமைக்கடியில் இருந்த கறுப்பை எடுத்தேன். சுருக்கங்களை எடுத்தேன். மணியை வெளுப்பாக்கிப் பார்த்தேன். குழந்தை வெறித்துப் பார்ப்பதுபோல் பயமாக இருந்தது. மறுபடி கறுப்பாகவே விட்டேன். கடைசியில் ஒரு அழகான பெண்குழந்தை என்னைப் பார்த்தது. இப்படியொரு குழந்தையை நான் பார்த்ததே இல்லை.

படத்தைக் கையில் கொடுத்தபோது ஆரோக்கியமேரி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இல்லை என்று சொல்லிவிடு என்றுகூட ஒரு கணம் மனதுக்குள் கேட்டேன்.

"ஜெனி" என்றாள். படச் சட்டத்தோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வருஷப் பூசை முடிந்து கொட்டகைக்குப் போயிருந்தேன். தகரச் சுவரில் கம்பி கட்டிப் படத்தை மாட்டியிருந்தாள். பக்கத்துக் கொட்டகைக்காரி ஒருத்தி காபி குடித்துக்கொண்டே படத்தைப் பார்த்தாள்.

"யாரு ஜாடை?"

"மொகம் அவ அப்பன். கண்ணு மட்டும் எங்கண்ணு. பொறந்தப்பவே எல்லாரும் சொல்லுவாங்க" என்றாள் ஆரோக்கியமேரி.

அவள் பொய் சொல்லவில்லை. பொய் சொல்கிறவள் என் பக்கம் ஒரு தரமாவது பார்த்திருப்பாள். காபியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

"இதுதான் ஆர்ட்"

அடுத்த வருஷம் ஜனங்கள் மறுபடி மீன் தின்ன ஆரம்பித்தார்கள். செல்வநாதனும் மறுபடி வந்தார்.

மிச்சமிருந்த மீன்களைத் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தேன். விரல் தவறி ஒன்று கூடுதலாக நகர்ந்தது. கறுப்பிலிருந்து ஜெனியின் அசல் முகம் எழுந்து வந்தது. மாற்றுவதற்குள் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நில்லுங்க, நில்லுங்க. இது யாரு பண்ணது? பிரமாதம்ங்க! கடல்கன்னி தூங்குற மாதிரி இருக்குது. இதை வரவேற்பு ஹால்ல ஆளுயரத்துக்குப் போடலாம். மத்ததெல்லாம் மீன் படம். இதுதான் ஆர்ட்."

"இது வியாபாரத்துக்கு இல்லீங்க."

"சொல்லுங்கம்மா, வெலை ஒரு விஷயமா?"

அப்போது எனக்கு வந்த கோபம் அந்த மனிதருக்கு உரியதல்ல. பாவம், அவருக்கு என்ன தெரியும். யார் மேல் வந்ததோ அவர்கள் யாரும் எதிரில் இல்லை. "எழுந்திரிச்சிப் போங்க சார்" என்று கத்திவிட்டேன். அண்ணன் ஓடி வந்தார். மீன் வேலை அத்தோடு போனது.

மேஜையில் இரண்டு படம்

அந்தக் கம்ப்யூட்டரை உப்புக்காற்று உள்ளுக்குள் தின்றுகொண்டிருந்தது. போடும்போதே கரகரவென்று சத்தம். ஒருநாள் முழுசாகப் போய்விடும், போனால் ஜெனியும் போய்விடுவாள் என்று பயம் பிடித்தது. நல்ல தாளாக வாங்கி அந்த முகத்தை, அசலை அப்படியே, ஒரு பிரதி எடுத்தேன். மை காய்வதற்காக மேஜையில் விரித்து வைத்திருந்தேன்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஆரோக்கியமேரி. துண்டில் சுற்றி எதையோ மார்போடு அணைத்திருந்தாள்.

"படத்துக்குள்ள காத்து பூந்துட்டுதுக்கா. ஓரமா பூஞ்சை புடிக்குது. கண்ணாடியைப் பிரிச்சிக் கொஞ்சம் சுத்தம் பண்ணிக் குடேன்."

துண்டைப் பிரித்துப் படத்தை மேஜைமேல் வைத்தாள். அது நான் செய்த குழந்தை. அதற்குப் பக்கத்தில், ஒரு சாண் தள்ளி, அவள் பெற்ற குழந்தை.

எடுத்து மறைக்க எனக்குக் கை வரவில்லை. உண்மையைச் சொன்னால், மறைக்கவும் தோன்றவில்லை. பார்க்கட்டும், கண்டுபிடிக்கட்டும், என்னை அடித்தாலும் அடிக்கட்டும் என்றுதான் நின்றேன். அண்ணன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார்.

அவள் குனிந்தாள். நன்றாகத்தான் பார்த்தாள். தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, அவசரமில்லாமல் பார்த்தாள்.

"இது யாரு புள்ளக்கா?"

அந்த மீன் படங்களோடு சேர்ந்த ஏதோ ஒன்று என்று அவளே நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது.

"பழைய படமா? நல்லா தூங்குது பாரு, ஒலகமே தெரியாம" என்றாள்.

பிறகு ஒரு விரலை, மை ஈரம் படாமல், தாளுக்கு மேலேயே நிறுத்திக் காட்டினாள்.

"மூக்காண்ட பாத்தியா, இதுலயும் பூஞ்சை புடிச்சிருக்குது. தொடச்சி வுடுக்கா. யாரு பெத்ததோ."

சரி என்று தலையாட்டினேன்.

அவளுடைய படச் சட்டத்தைப் பிரித்து, ஓரத்தைச் சுத்தம் செய்து, புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்தேன். முகம் உள்பக்கம் இருக்கும்படி திருப்பித் துண்டில் சுற்றிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வேகமாகப் போனாள்.

நான் மேஜைக்கு வந்து உட்கார்ந்தேன். அந்த மங்கலைத் துடைக்கவில்லை. அந்தப் படம் இன்றும் என்னிடம்தான் இருக்கிறது. அதன் பிறகு அதை யாருக்கும் காட்டியதில்லை.